அட்டையில் விழுந்த பொட்டு

இருபத்தாறு வருஷமாக மற்றவர்களைப் படுக்கவைத்து, "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்லிவந்த எக்ஸ்ரேக்காரர், அன்று காலை எட்டு மணிக்குத் தன் காரின் பக்கத்தில் தானே குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். தொப்பை மட்டும் ஒத்துழைக்கவில்லை.

பத்தரை மணிக்கு அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மூன்றாவது தேதி இது. முதல் தேதியை இருமலைக் காட்டித் தட்டிக்கழித்தாள். இரண்டாவது முறை, டாக்டர் முகமே சரியில்லை என்றாள். புரை விழுந்த கண்ணுக்கு முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. "நீ வந்தா வர்றேன்டா" என்று தம்பியிடம் சொல்லித்தான் இந்தத் தடவை தலையாட்டியிருந்தாள். இன்றும் தவறினால் அவ்வளவுதான். கண் போனது போனதுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

நேற்று மாலை காரின் அடியில் ஈரம். அக்காவின் காதுக்குப் போனால் சகுனம் சரியில்லை என்று மெத்தையில் போய்ப் படுத்துவிடுவாள். அதனால் பழைய ஃபிரிட்ஜ் பெட்டியைக் கிழித்து, அட்டையின் ஒரு ஓரத்தில் "முன்" என்று எழுதி, சத்தமில்லாமல் எஞ்சினுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். இப்போது அதை இழுத்து, பழக்க தோஷத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

இரண்டு பொட்டு. நடுவில் ஒன்று கறுப்பு. அது எஞ்சின் ஆயில், வருஷக்கணக்காகத் தெரிந்த விருந்தாளி. இன்னொன்று நிறமே இல்லாமல், அட்டையின் வலது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

"நிறமில்லையா? நேத்து ஏசி போட்டீங்களா சார்?"

"போட்டேன்."

"எந்தப் பக்கம் விழுந்திருக்கு?"

எக்ஸ்ரேக்காரர் அட்டையைப் பார்த்தார். படத்தில் வலப்பக்கம் தெரிவது நோயாளியின் இடது. எதிரே நிற்பவரை எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். இதை மாற்றிச் சொன்னால் நல்ல காலுக்குக் கட்டுப் போட்டுவிடுவார்கள். இதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

"இடது," என்றார் உறுதியாக.

"அப்போ ஏசி தண்ணி சார். அந்தப் பக்கம்தான் குழாய் இருக்கு. வலது பக்கம், டிரைவர் பக்கச் சக்கரத்துக்கிட்டன்னாதான் பிரேக் ஆயிலான்னு பயப்படணும். எதுக்கும் விரல்ல தொட்டுப் பாருங்க. வழவழன்னு இருக்கா?"

தொட்டார். வழுக்கியது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி ரப்பர் கையுறை போட்டிருப்பது தெரிந்தது. அந்தக் கையுறையோடு தொட்டால் உப்புத்தாளே வழுக்கும். முகர்ந்தார், கையுறை வாசனைதான் வந்தது.

"பிரேக்கை மிதிச்சுப் பாருங்க. இறங்குதா?"

மிதித்தார். கொஞ்சம் இறங்கியது. ஆனால் பிரேக் என்றால் மிதித்தால் இறங்கத்தானே வேண்டும்? முந்தாநாள் எவ்வளவு இறங்கியது? தினமும் மிதிக்கிற ஒன்றைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது அவருக்குக் கவலையாக இருந்தது. "சுமாரா இறங்குது," என்றார்.

"சுமாரான்னா?"

அதற்குள் அக்கா பையோடு படியிறங்கிவிட்டாள். "அப்புறம் பேசறேன்," என்று போனை வைத்தார்.

அவள் எப்போதும்போலக் காரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். முன்சக்கரத்தருகே செருப்பு சர்ரென்று இழுத்தது. காரின் பக்கக் கண்ணாடியைப் பிடித்து நின்றாள்.

"என்னடா இது?"

"ஏசி தண்ணிக்கா. அது அந்தப் பக்கம்..."

"எந்தப் பக்கம்? நான் நிக்கிறது நீ ஏறுற பக்கம்டா. கண்ணுதான் மங்கல், கதவு தெரியாதா எனக்கு?" குனிந்து, விரலால் தொட்டுத் தேய்த்தாள். "தண்ணியா இது? விளக்கெண்ணெய் கணக்கா இருக்கு."

எக்ஸ்ரேக்காரர் அட்டையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். கார் எதிரே நிற்கும் நோயாளி இல்லை. அட்டையும் படம் இல்லை. தரையில் கிடந்தபடியே கிடந்தது, வலது வலதாகவே. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செங்குத்தான இறக்கம் ஒன்று இருந்தது.

மறுபடி போன் போட்டார். மெக்கானிக் இந்த முறை பேச்சை நீட்டவில்லை. "சக்கரத்து உள்பக்கம் நனைஞ்சிருக்கா? அப்போ பிரேக் ஆயில்தான். வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீங்க. நான் வந்து தூக்கிட்டுப் போறேன். கீழே மண்ணைப் போட்டு மூடுங்க, யாராவது வழுக்கி விழப்போறாங்க."

பூந்தொட்டி மண்ணை அள்ளிக் கொட்டினார். அக்காவின் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இதைவிட நல்ல சாக்கு அவளுக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. மணி ஒன்பது இருபது.

"உன்னைக் கொன்னிருப்பேன்கா," என்றார்.

"ஆமா. நீயும்தான் வந்திருப்பே." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டாக்ஸிக்குச் சொல்லு."

அவருக்குப் புரியவில்லை. "நான் ஓட்டினாத்தான் வருவேன்னு சொன்னியே?"

"நீ வந்தா வர்றேன்னு சொன்னேன். ஓட்டச் சொன்னேனா? நீ ஓட்டினா உன் ரெண்டு கையும் வண்டியைப் பிடிச்சிருக்கும். எனக்கு என்னத்தைக் கொடுப்பே?"

அவள் சொன்னதை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஓட்டச் சொன்னதாக எங்கேயும் இல்லை. பெட்ரோல் போட்டது, கண்ணாடி துடைத்தது, அட்டை வைத்தது எல்லாம் அவராகவே சேர்த்துக்கொண்டவை.

டாக்ஸியில் பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். அக்காவின் கை ஐஸ்கட்டியாக இருந்தது. இறக்கம் வந்ததும் எக்ஸ்ரேக்காரரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"எதுக்குடா உதைக்கிறே?"

"பிரேக்குக்கா."

"டிரைவர் பார்த்துப்பார். நீ கையை விடாதே," என்றாள் அக்கா.