கடைசி இரண்டு வரி

டெரெக் ஹாலிவெல்லைத் தெருவில் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்கள். "நீங்க எங்க பல் டாக்டர்தானே?" என்று ஒருவர் கேட்பார். "எங்க அக்கா கல்யாணத்துல பார்த்த மாதிரி இருக்கே" என்பார் இன்னொருவர். நாற்பத்தொன்பது வருஷமாக மேடையிலும் டிவியிலும் பாதிரியாராக, நீதிபதியாக, "மன்னிச்சுக்குங்க, உயிர் போயிடுச்சு" என்று சொல்லும் மருத்துவராக வந்துபோன முகம் அது. பெயர்தான் யாருக்கும் தெரியாது. தொழிலுக்குள் மட்டும் ஒரு பேச்சு உண்டு: ஹாலிவெல் வசனம் மறக்கிற ஆளில்லை.

போன ஏப்ரலில் அதுவும் போனது. ஒரு டிவி தொடரில் பாதிரியாருக்கு நாலே வரி. பதினோரு தடவை எடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. டிசம்பரில்தான் இங்கிலாந்தின் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் கிறிஸ்துமஸுக்குப் போடும் குழந்தைகள் நாடகம் ஒன்றில் அரண்மனைச் சமையல்காரி வேஷம் வந்தது. எப்போதும் ஆண்பிள்ளை பாவாடை கட்டி ஆடுகிற வேஷம்.

தயாரிப்பாளர் ஆர்மிடேஜ் சுற்றி வளைக்கவில்லை. "இதை ஒழுங்கா முடிச்சுக் குடுங்க டெரெக். வசந்தத்துல ஊர் ஊரா போற நாடகத்துல பெரிய வேஷம் ஒண்ணு வச்சிருக்கேன். திணறினீங்கன்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

டெரெக்குக்குக் கண்ணால் படித்தால் வசனம் ஏறாது. நடந்துகொண்டே வாய்விட்டுச் சொன்னால்தான் உள்ளே போய் உட்காரும். மூன்று வாரத்தில் அப்படியே எல்லாம் உட்கார்ந்தது, கடைசி இரண்டு வரியைத் தவிர. இந்த வகை நாடகத்தில் கடைசி இரண்டு வரியை முதல் ஆட்டத்துக்கு முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் நாடகத்துக்கு ஆகாது. அதைச் சொல்லவேண்டியது சமையல்காரி. ஒவ்வொரு ஒத்திகையிலும் டெரெக் முன்னால் வந்து, பாவாடையை விரித்து, அந்த வரிகளுக்குப் பதிலாக "பப்பப்ப பாம், பப்பப்ப பீம்" என்பார். எல்லோரும் குனிந்து வணங்குவார்கள். கலைந்துபோவார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் மேடை மேனேஜர் பிரிட்ஜெட்டிடம் போனார்.

"கண்ணு, ஒரே ஒரு தடவை அந்த ரெண்டு வரியைச் சொல்றேன். கேளேன்."

"வாயை மூடுங்க! போன வருஷம் ஒருத்தன் குளிக்கும்போது பாடிட்டான். இளவரசிக்குக் கால் உடைஞ்சுது."

"அவ ஐஸ்ல வழுக்கி விழுந்தா."

"எதனால வழுக்கினா?"

டெரெக் திரும்பிப் போனார். தனியாகவாவது சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் நாற்பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்த விதியை மீறியதில்லை. இரண்டு வரிதானே என்று விட்டுவிட்டார்.

மறுநாள் பகல் இரண்டு மணி ஆட்டம். அரங்கம் நிறையக் குழந்தைகள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் டெரெக் முன்னால் வந்தார். பாவாடையை விரித்தார். வாயைத் திறந்தார்.

"பப்பப்ப பாம்! பப்பப்ப பீம்!"

பிரிட்ஜெட் ஓரத்திலிருந்து வரியை எடுத்துக்கொடுப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் பழக்கத்தில் குனிந்துவிட்டார்கள். வாத்தியம் முழங்கியது. திரை விழுந்தது. குழந்தைகள் "பப்பப்ப பாம்" என்று கத்திக்கொண்டே வெளியே போனார்கள்.

இளவரசனாக நடித்த கேலம் விழுந்து விழுந்து சிரித்தான். "தாத்தா, நாடகம் எழுதின நம்ம ஆளு என்னமா எழுதியிருக்காரு பாருங்க! இதுக்குத்தானா மூணு வாரம் மறைச்சு வச்சோம்?"

"போடா" என்றார் டெரெக். முகப்பூச்சு வழிந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நடந்ததை எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்புவது பிரிட்ஜெட்டின் வேலை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு டெரெக்கையே பார்த்தாள்.

"என்ன எழுதட்டும்? வேணும்னே மாத்திச் சொன்னீங்கன்னு போட்டுடவா? ஜனங்களுக்குப் பிடிச்சுது. ஆர்மிடேஜுக்குத் தெரியவா போகுது?"

டெரெக் பொய்முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வரி ஞாபகம் வரலைன்னு எழுது."

"டெரெக்..."

"இன்னைக்குத் தப்பிச்சா நாளைக்கும் பயந்துட்டுத்தான் நிக்கணும். எழுது."

எழுதி அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் ஆர்மிடேஜின் பதில் வந்தது. சாயங்கால ஆட்டத்துக்கு அவரே வருகிறாராம்.

மணி ஐந்து. எல்லோரும் சாண்ட்விச்சும் தேநீருமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்ஜெட் எழுந்தாள். "வாங்க. முதல் ஆட்டம்தான் முடிஞ்சிடுச்சே. இனிமே எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம்."

காலி அரங்கின் முன்னால் டெரெக் நடந்தார், நின்றார், விரித்தார், சொன்னார். முதல் ஏழெட்டு தடவை பாதியில் பப்பப்ப வந்து நுழைந்தது. "திரும்ப" என்றாள் அவள். இருபதாவது தடவைக்குப் பிறகு நுழையவில்லை. ஆனாலும் ஆறேகால் வரை அவள் விடவில்லை.

சாயங்கால ஆட்டத்தில் ஆர்மிடேஜ் கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டெரெக் முன்னால் வந்தார். பாவாடையை விரித்தார்.

"கெட்டவன் ஓடிட்டான், கேக்கும் வெந்தாச்சு!
கிளம்புங்க கண்ணுங்களா, கதையும் முடிஞ்சாச்சு!"

கைதட்டல் சாதாரணமாகத்தான் இருந்தது. பகலில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. ஆர்மிடேஜ் மேடை ஓரம் வந்து கைகொடுத்தார்.

"மார்ச்சு மூணாம் தேதி ஒத்திகை ஆரம்பம். வசனம் நிறைய இருக்கு."

"இப்பவே அனுப்பிடுங்க" என்றார் டெரெக். "நான் நடக்க ஆரம்பிக்கணும்."