தனி லைன்

ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பையை விஜிதரன் மாமா பந்தலுக்குள் இருந்த மேசையில் கவிழ்த்தார். இடுப்பில் கட்டியிருந்த ஈரம் காயாத சாரம், ஒரு பணப்பை, வெற்றிலைப் பெட்டி, கறுப்பு வோக்கிடோக்கி. உள்ளே வீட்டு நடுவில் பிரஷாந்தியின் அப்பா நல்லரத்தினம் சவப்பெட்டிக்குள் கிடந்தார். பெண்கள் சுற்றி இருந்து அழும் சத்தம் ஏறுவதும் தணிவதுமாக இருந்தது.

"இது வேலை செய்யுதா எண்டு பாரு புள்ள," என்று மாமா வோக்கியைப் பிரஷாந்தியிடம் நீட்டினார்.

அவள் மேலே இருந்த குமிழைத் திருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பற்றரி பாதிக்கு மேல் காட்டியது.

"நல்லாத்தான் இரிக்கு." மாமா பந்தலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "அத்தானுக்குப் பட்டனை அமத்தத் தெரியாமப் போயிட்டு. அறுபத்தெட்டு வயசு மனுசன்ட கையில இதைக் குடுத்தா அவர் என்ன செய்வார்? தோணிக்க இரிந்து கத்தியிருந்தாலும் ஆராவது ஓடிவந்திருப்பாங்க."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒருவர், வயது போனால் அப்படித்தான், தன் வீட்டிலும் ரிமோட்டை மாறிப் பிடிக்கிற ஆள் ஒன்று உண்டு என்றார்.

பிரஷாந்தி வோக்கியை அணைத்தாள். அப்பாவுக்கு அமத்தத் தெரியும். ஒரே பின்னேரத்தில் பழகிக்கொண்டவர் அவர். அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், பிறகு ஏன் ஒருவருக்கும் கேட்கவில்லை என்று கேட்பார்கள். அவள் வோக்கியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அலுமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அதே அலுமாரியில், அவளுடைய கைப்பைக்குள், அவளுடைய வோக்கியும் இருந்தது. நேற்றுப் பின்னேரம் அதை எடுத்துப் பார்த்தபோது திரையில் நான்கு அழைப்புகள் பதிந்திருந்தன. நான்கும் அப்பாவின் இலக்கம். முதலாவது காலை எட்டு ஐம்பத்திரண்டு. கடைசி ஒன்பது ஆறு. அவள் அவற்றை இன்னும் கேட்கவில்லை.

முப்பத்தொரு வயதான பிரஷாந்தி மட்டக்களப்பு நகரில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி அனுமதிப் பத்திரம் எடுத்தாள். கையடக்க டிஜிற்றல் வோக்கி வைத்திருக்கும் ஒன்பது பேர் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு டொக்டர், ஒரு பொறியியலாளர், இரண்டு ஆசிரியர்கள், காத்தான்குடியில் வாவிக் கரையோடு படகு எஞ்சின் திருத்தும் றிப்ஷான், இப்படி. எல்லோரும் ஒரே சனலில் பேசுவார்கள். ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அதுதான் அதன் ஒழுங்கு. பேச்சைப் பூட்டி மறைப்பது இந்தப் பொழுதுபோக்கில் கூடாது என்று பரீட்சைத் தாளில் அவளே விடை எழுதியிருக்கிறாள்.

அப்பாவின் கைத்தொலைபேசி இரண்டு தரம் வாவியில் விழுந்து பழுதான பிறகு, தண்ணீர் புகாத வோக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அம்மா அன்னப்பூரணிக்கு அது பிடிக்கவில்லை. "வோக்கி எண்ட பேரையே வீட்டுக்க எடுக்காத. சண்டை நடந்த காலத்தில ஒரு வோக்கி பிடிபட்டா முழு வீட்டையும் கொண்டுபோனவங்க," என்றாள். அப்பாவுக்கு அனுமதிப் பத்திரம் இல்லைதான், ஆனாலும் ஆபத்துக்கு உதவும், வைத்திருக்கட்டும் என்று டொக்டர் சொன்னார்.

நல்லரத்தினம் அதை ஆபத்துக்கு மட்டும் வைத்திருக்கக் கூடிய ஆள் இல்லை. ஆரையம்பதிக் கரையில் தோணியைத் தள்ளியதும் தொடங்கிவிடுவார். இறால் பட்ட விசயம், மேலே போன கொக்கு, அன்னப்பூரணி கட்டித் தந்த சோற்றுக்குள் கடிபட்ட கல். மகளை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, சூடை மீனின் பெயரால் 'சூடைக்குஞ்சு' என்று கூப்பிடுவார். கேட்பவர்கள் சிரித்தார்கள். பொறியியலாளர் ஒருநாள் அவளைக் கூட்டத்தில் அந்தப் பெயரால் கூப்பிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு காலை அப்பா, அவளுக்கு வந்திருந்த சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு வயசு கூடிப்போச்சு என்றதையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும், ஒன்பது பேருக்கும் கேட்க, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பஸ்ஸுக்குள் நின்று அதைக் கேட்ட பிரஷாந்திக்குக் காது மடல் எரிந்தது.

அன்று பின்னேரம் இரண்டு வோக்கிகளையும் கணினியில் பொருத்தி, பேச்சைப் பூட்டும் ஒரே இரகசியச் சாவியைப் போட்டாள். இனி அவர் பேசுவது அவளுடைய வோக்கியில் மட்டும்தான் பேச்சாகக் கேட்கும். மற்றவர்களுடையதில் விளக்கு எரியும், அவருடைய இலக்கம் தெரியும், சத்தம் வரும், சொல் வராது.

"இனி நீங்க கதைக்கிறது எனக்கு மட்டும்தான் கேட்கும் அப்பா."

"அப்ப நமக்கெண்டே தனி லைனா?" என்று அவர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். ஊரில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் திரிந்தார்.

முந்தாநாள் அவர் வகுப்பு நேரத்தில் கூப்பிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நேற்று அவள் சத்தத்தை முழுதாகக் குறைத்துத்தான் வோக்கியைப் பைக்குள் போட்டாள். பத்தரைக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மாமாவின் அழைப்பு வந்தது. கரையோரக் கண்டல் பற்றைக்குள் செருகி நின்ற தோணியில் அப்பாவைக் கண்டெடுத்ததாகச் சொன்னார். மாரடைப்பு என்று பிறகு ஆஸ்பத்திரியில் எழுதினார்கள்.

பகல் பன்னிரண்டு மணிபோல றிப்ஷான் வந்தான். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உள்ளே வந்து பெட்டியின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வேலியோரம் அவளைக் கண்டு பக்கத்தில் வந்தான். நித்திரை இல்லாத கண்.

"உங்களிட்ட ஒண்டு சொல்லணும். சொல்லாம இரிக்க ஏலாது."

"சொல்லுங்க."

"நேத்து அவர் கூப்பிட்டவர். நாலு தரம். என்ட செட்டில அவர்ட நம்பர் வந்திச்சு, விளக்கு எரிஞ்சிச்சு. கர்ர் எண்டு சத்தம், ஒரு சொல்லும் விளங்கல்ல. ரெண்டு மூணு கிழமையா அப்பிடித்தான் வருது. அவர்ட செட்டில கோளாறு எண்டு நினைச்சிட்டு நான் எஞ்சினைக் கழட்டிக்கொண்டு இரிந்தன். எனக்குக் கிட்டத்தான் நிண்டிருக்கார். போட்டும் தயாரா நிண்டிச்சு. பத்து நிமிசம் போதும் எனக்கு."

பிரஷாந்தி வேலிக் கம்பியைப் பிடித்தாள்.

"ராவைக்கு என்ட செட்டைக் கழட்டிப் பார்த்தன்," என்றான் அவன். "ஒரு பிழையும் தெரியல்ல. ஆனா பிழை என்டதிலதான் இரிந்திருக்கும். எப்பவோ காட்டித் திருத்தியிருந்தா…" நிறுத்தினான். "உங்கடதில விளங்கியிருக்கும்தானே? நீங்க பக்கத்தில இல்லயோ?"

அவளுக்கு வாய் தானாகவே திறந்தது. "என்டதில சார்ஜ் இல்ல."

"ஆ," என்றான் றிப்ஷான். அவன் அதை உடனே நம்பினான். சாவியைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. தங்களில் ஒருவர் அப்படிச் செய்வார் என்பது அவனுக்குத் தோன்றக்கூடிய விசயம் இல்லை. "அல்லாட நாட்டம்தான். ஆனாலும் என்னால ஏலாம இரிக்கு," என்று சொல்லிவிட்டுப் பந்தலின் கடைசிக் கதிரையில் போய் இருந்தான். தேத்தண்ணி கொண்டுபோனவர்களிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

மூன்று மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் மயானத்துக்குப் போனார்கள், றிப்ஷானும் போனான். அவர்கள் வீட்டு ஒழுங்கையைத் தாண்டித் தெருவுக்கு ஏறியதும் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். அன்னப்பூரணி குளித்துவிட்டு ஈரத் தலையோடு அறைக்குள் வந்து சுவரில் சாய்ந்து கொண்டாள்.

"கதவைச் சாத்து," என்றாள்.

பிரஷாந்தி சாத்தினாள்.

"முப்பத்தாறு வருசம்," என்றாள் அம்மா. "எங்க போனாலும் சொல்லிட்டுப் போற மனுசன். நேத்து ஒரு சொல்லும் இல்லாமப் போயிட்டார். உன்ட மாமன் சொல்றான், அமத்தத் தெரியல்ல எண்டு. அவருக்கா தெரியாது? வீட்டுக்க இரிந்தே உன்னோட அதிலதானே கதைப்பார். அப்ப, நம்மளைக் கூப்பிடணும் எண்டு நினைக்கயில்லையோ? அதுதான் எனக்குக் கிடந்து அறுக்குது."

பிரஷாந்தி எழுந்து அலுமாரியைத் திறந்தாள். பைக்குள்ளிருந்து தன் வோக்கியை எடுத்தாள். வந்த அழைப்புகளைத் தானே பதிந்து வைக்கும் வசதி அதில் இருந்தது. சில விடியற்காலைகளில் கடல் தாண்டித் தவறி வரும் குரல்களைப் பிடிப்பதற்காக அவள் அதைப் போட்டு வைத்திருந்தாள்.

"கூப்பிட்டவர் அம்மா. நான்தான் சத்தத்தைக் குறைச்சு வைச்சிரிந்தன்."

அம்மா அவளைப் பார்த்தாள். பிரஷாந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தக் கதையை எல்லோரும் கேட்டது, சாவி போட்டது, றிப்ஷானுக்கு விளக்கு எரிந்தது, சார்ஜ் இல்லை என்று அவனிடம் சொன்னது. சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் எவ்வளவு சின்ன விசயம் என்று அவளுக்கே தெரிந்தது. ஒன்றாவது பெரிய காரணமாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"போடு," என்றாள் அம்மா.

அவள் பொத்தானை அமத்தினாள்.

"மகள், கேட்குதா? ஓவர்." அவள் பழக்கிய மாதிரியே கடைசியில் ஓவர் சொல்லியிருந்தார்.

இரண்டாவதில் மூச்சு இரைந்தது. "மகள், வகுப்பில நிக்கிறாயோ? எனக்கு நெஞ்சுக்க ஒரு மாதிரிப் பிடிச்சுக்கொண்டு இரிக்கு. கை உளையுது. சவள் பிடிச்சுத் தோணியை வலிக்க ஏலாம இரிக்கு. கரைக்கு வந்திருவன். அம்மாட்ட சொல்லிராத, பயந்திருவா. ஓவர்."

அன்னப்பூரணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கொஞ்சம் நீளம். முதலில் பொத்தான்களை மாறி மாறி அமத்தும் சத்தம் வந்தது. "புள்ள, இதை மத்தவங்களுக்கும் கேட்கிற மாதிரி ஆக்கிறது எந்தப் பட்டன்? அந்தக் காத்தான்குடித் தம்பி கரையிலதான் நிப்பார். அவருக்குக் கேட்டா வந்திருவார்." திரும்பவும் பொத்தான் சத்தம். "உனக்கு வெக்கமெண்டு எனக்குத் தெரியும் மகள். நான் உன்ட பேரெல்லாம் சொல்லமாட்டன். ஆள் ஒண்டு தோணிக்க ஏலாமக் கிடக்கு எண்டு மட்டும்தான் சொல்லுவன். எந்தப் பட்டன் எண்டு சொல்லு." ஓவர் சொல்லவில்லை.

நான்காவதில் பேச்சு இல்லை. தோணியின் பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிடத்தில் அதுவும் முடிந்தது.

வெளியே ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. அம்மா அவள் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று பிரஷாந்தி நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அன்னப்பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் தாழ்ந்து, ஆனால் உடையாமல் வந்தது.

"அந்தப் பொடியன் போயிட்டானா?"

"இல்ல. பந்தலுக்க இரிக்கார்."

"வந்ததில இரிந்து பச்சைத் தண்ணி குடிக்கயில்ல அவன். போ. போய்ச் சொல்லு. அவனிட்ட மட்டும் இல்ல, பந்தலுக்க இரிக்கிற எல்லாருக்கும் கேட்கச் சொல்லு. அந்த மனுசனுக்கு அமத்தத் தெரியாதெண்டு இனி ஒருத்தரும் சொல்லப்படாது."

"அம்மா…"

"போ எண்டு சொன்னன்."

பந்தலுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். விஜிதரன் மாமா துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். டொக்டரும் வந்திருந்தார். பிரஷாந்தி நடுவில் வந்து நின்றதும் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, ஒருவர் கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார்.

"அப்பா கூப்பிட்டவர்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். "அப்பா சரியாத்தான் அமத்திக் கூப்பிட்டவர். நாலு தரம். ஒருத்தருக்கும் விளங்காம நான்தான் பூட்டி வைச்சனான். அவர் கதைக்கிறது எனக்கு வெக்கமா இரிந்திச்சு. என்ட வோக்கியில சார்ஜ் இரிந்திச்சு." பிறகு கடைசிக் கதிரையைப் பார்த்தாள். "றிப்ஷான், உங்கட செட்டில ஒரு பிழையும் இல்ல."

மாமாவின் கை துவாயோடு தலையிலேயே நின்றது. டொக்டர் தன் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, திரும்பவும் போட்டுக்கொண்டார். அவள் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

றிப்ஷான் எழுந்தான். அவளிடம் வரவில்லை. பந்தலின் ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்கிக் கூரைத் தறப்பாள் தொட்டிலாகத் தொய்ந்து கிடந்தது. அங்கே சாத்தியிருந்த கம்பை எடுத்துக் கீழிருந்து மெதுவாகத் தள்ளினான். தண்ணீர் ஒரே வீச்சில் வெளியே கொட்டி, முற்றத்து மணலைக் குழி பறித்துக்கொண்டு வேலிப் பக்கம் ஓடியது. பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதுவும் நின்றது. அவன் கம்பை இறக்காமல், தறப்பாளைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தான்.