கிட்டங்கி அரிசி

சட்டியைக் காலால் தள்ளத்தான் பார்த்தான் வேதாசலம். கால் எழவில்லை. கையால் தள்ளினான்.

“நண்டு நாத்தம் அடிக்குது. கிட்டங்கி ஆளு துன்ற சோறா இது?”

சிந்திய குழம்பை லோகாம்பாள் துடைக்கவில்லை. புருஷனின் வீங்கிய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒல்லாந்தர்கள் என்ற டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் துணி வாங்கிக் கப்பலேற்றிய காலம் அது. ஏழு மாதத்துக்கு முன்புவரை இருவரும் தங்கள் ஊரான தோணிரேவை ஒட்டிய ஏரியில் இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் துழாவி இறாலும் நண்டும் பிடித்தவர்கள். அப்புறம்தான் ஒல்லாந்த வியாபாரி ஒருவனின் சரக்குக் கிட்டங்கியில் வேதாசலத்துக்குப் பொதி தூக்கும் வேலை கிடைத்தது. கூலி, வெள்ளை அரிசி. தோணிரேவில் கல்யாணப் பந்தியில்கூட எவரும் கண்டிராத வெளுப்பு. அதை அவனுக்கு மட்டும் வடித்தாள். உப்பைத் தொட்டுக்கொண்டே தின்று முடிப்பான். நண்டு தின்றுவிட்டுப் போனால் பக்கத்தில் நிற்கிறவன் மூக்கைப் பிடிக்கிறானாம். அதே கிட்டங்கி முற்றத்தில் அவள் நெல் குத்தினாள். குத்துகிறவர்களுக்குக் கூலி, தவிடு ஒட்டிய நொய். அதைக் காய்ச்சி நண்டோடு அவள் குடித்தாள். நல்லது புருஷனுக்கு, கழித்தது தனக்கு. எந்த வீட்டில்தான் இப்படி இல்லை?

முதலில் அவன் பாதம் மரத்தது. பிறகு வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பொதி தூக்கியவர்களில் கோபால் மாசியில் செத்தான், கருப்பன் பங்குனியில். வியாபாரியின் வைத்தியன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்து, ஏரிக் காற்று கெட்டது என்று சொல்லிப் போனான். லோகாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காற்றில்தான் அவள் பிறந்தாள். அந்தக் காற்றில்தான் பதினோரு பெண்கள் நின்று உலக்கை போடுகிறார்கள். ஒருத்திக்கும் கணுக்கால்கூட வீங்கவில்லையே, ஏன்?

மறுநாள் காலை, குத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இரண்டாம் குத்தில் அரிசி சிவப்பாக இருந்தது. மூன்றாம் குத்தில் அந்தச் சிவப்பெல்லாம் தவிடாக உதிர்ந்து, முறத்திலிருந்து நேரே பன்றித் தொட்டிக்குப் போனது. அவள் குடிக்கும் நொய்யில் ஒட்டியிருந்ததும் இதே சிவப்புதான்.

“இன்னாமே, கை வலிக்குதா?” என்றான் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த கேசவன், வியாபாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி.

“எங்க ஊட்டு ஆளு கூலிய ரெண்டாங் குத்துலியே அளந்துடு நைனா. செவப்போட.”

முற்றமே சிரித்தது.

“பன்னித் தீனியயும் சேத்துக் கேக்குற. வெள்ளையா குடுத்தா கசக்குதா?”

“பன்னிக்குக் கால் வீங்கலியே நைனா.”

சிரிப்பு நின்றது. எதிர் உரலில் நாகம்மாள், செத்துப்போன கருப்பனின் பெண்டாட்டி, உலக்கையைச் சாய்த்து வைத்தாள். கடைசி நாள்வரை புருஷனுக்கு வெள்ளைச் சோறு பிசைந்து ஊட்டிய கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேசவனின் குரல் மாறியது. “வெள்ள அரிசிதான் வோணும்னு உம் புருசன்தான் கேட்டு வாங்கிக்கினு போறான். ஒலக்கையப் போடு. இல்லன்னா நாளைக்கு வராத.”

வியாபாரிக்கு வெளுப்பு வேண்டும். பன்றிக்குத் தவிடு வேண்டும். புருஷனுக்குக் கௌரவம் வேண்டும். தான் மட்டும் என்ன செய்தோம்? ஏழு மாதம், வேளை தவறாமல், ஆசையாக அள்ளி வைத்தோம். வீடு வரும்வரை பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே வந்தாள்.

மதியம் இரண்டு சட்டி இறக்கினாள். நொய்க்கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள். வெள்ளைச் சோற்றைத் தன் முன்னால் குவித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இன்னாமே இது?”

“நீ துன்றத இனி நானும் துன்றேன். எங்காலு எப்போ வீங்குதுன்னு பாக்கலாம்.”

“பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?”

அவள் அள்ளி வாயில் வைத்தாள். ஒரு கவளம். இன்னொன்று. சோறு நாக்கில் வெண்ணெயாக வழுக்கியது. அது ருசியாக இருந்ததுதான் அவள் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

நாலாவது கவளத்துக்குக் கை தாழ்ந்தபோது வேதாசலம் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பொதி தூக்கிய கை. பிடியில் வலுவே இல்லை. உதறினால் விட்டுவிடும். அவள் உதறவில்லை. அவனும் விடவில்லை. இருவருக்கும் நடுவில், ஆறிவந்த கஞ்சியின் மேல் செந்நிறமாய் ஆடை படிந்துகொண்டிருந்தது.