மாவு மூச்சு விடும் சத்தம்

என் வகுப்பு கறுப்புக் கட்டங்களால் ஆனது. கேப் கோஸ்ட்டில் என் சமையலறை மேசைமேல் மடிக்கணினியைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் மட்டும் தெரியும். முகம் காட்டினால் டேட்டா தீர்ந்துவிடும் என்று யாரும் கேமராவைப் போடுவதில்லை. நான் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசுவேன். பேச்சு ஆழமான நீருக்குள் இறங்கிக்கொண்டே போகும். அடியைத் தொட்ட சத்தம் வராது. சில மாலைகளில் நானே அங்கே இல்லையோ என்றுகூடத் தோன்றும்.

அன்று ஒரு கட்டத்தில் எங்கள் துறைத்தலைவர் டாக்டர் எசுமானும் இருந்தார். வகுப்புக்கு முன்பே போனில் சொல்லிவிட்டார்: "மான்சா, பசங்க வாயே திறக்கலைன்னா நேரடி வகுப்பு எதுக்கு? வெளிநாட்டு வீடியோவ வாங்கிப் போட்டுடலாம். இன்னிக்குக் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

மூச்சுச் சத்தமாவது கேட்கட்டும் என்று எல்லோரையும் மைக்கைத் திறந்து வைக்கச் சொன்னேன். புளித்தலைப் பற்றிய ஒரு அனிமேஷனை ஓடவிட்டேன். பனி பெய்யும் ஜன்னலோரம் ஒரு கோதுமை ரொட்டி உப்பியது.

"ஏதாவது கேள்வி?"

யாருடைய வீட்டிலோ கோழி கொக்கரித்தது. அவ்வளவுதான்.

அப்போது என் வாசலில் பக்கத்து வீட்டு அட்வோவா குரல் கொடுத்தாள். "ஆகோ."

உள்ளே வரலாமா என்று அர்த்தம். "ஆமே" என்று பதில் வந்தால்தான் யாரும் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் மடிக்கணினி பதில் சொன்னது.

"ஆமே."

எல்மினாவிலிருந்து, அனொமாபோவிலிருந்து, மற்ற பக்கத்து ஊர்களிலிருந்து, யார் வீட்டு வாசல் என்றே யோசிக்காமல், அத்தனை கட்டங்களும்.

அட்வோவா சோள மாவு வாளியோடு நின்றுவிட்டாள். "சிஸ்டர், உள்ள இத்தனை பேரா? டோக்கோனு உருண்டை அவிக்க நான் நம்ம ரெண்டு பேருக்குத்தான் மாவு கரைச்சேன்."

யாரோ சிரித்தார்கள். "அவங்க மாவு புளிச்சிடுச்சா மேடம்?" என்றான் ஃபிஃபி. "எங்க வீட்டுச் சோள மாவு இன்னும் கல்லு மாதிரி கிடக்கு."

"உன் மூஞ்சியப் பாத்தா அது எப்படிப் பொங்கும்?" என்றாள் எகுவா.

அனிமேஷனை மூடினேன். "மாவு இருக்கிறவங்க போனை வாளிக்குள்ள பிடிங்க. பேசாதீங்க. கேளுங்க."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, மணலில் அலை வடியும்போது வருவதுபோல, சின்னச் சின்ன வெடிப்புகள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அவை நகர்ந்தன. திரை கறுப்பாகவே இருந்தது. அதற்குள் ஏதோ உயிரோடு புரண்டு படுத்தது. என் மூச்சும் அந்தத் தாளத்துக்கு இறங்கிவிட்டதை உணர்ந்தேன்.

"எங்க வீட்டுதுல ஒண்ணும் கேக்கலையே," என்றார் டாக்டர் எசுமான்.

"ஃபிரிட்ஜ்ல வெச்சீங்களா டாக்டர்?" என்றாள் எகுவா.

"ஆமா. ஏன்?"

"குளிர்ல அதுங்க தூங்கும்."

"செத்திருக்காதா?" என்று ஒரு குரல். "சாகாது, வெளிய வெச்சாத் தெரியும்," என்று இன்னொன்று. எனக்குப் பழக்கமில்லாத குரல்கள், என்னைக் கேட்காமல் சண்டை போட்டன.

"சரி, வெளிய எடுத்து வைக்கிறேன்," என்றார் டாக்டர். "எப்ப முழிக்குதுன்னு அடுத்த வகுப்புல சொல்றேன். வீடியோவெல்லாம் இப்ப வாங்க வேணாம் மான்சா."

வகுப்பு நேரம் முடிந்தது. ஒரு கட்டமும் மறையவில்லை. அட்வோவா என் தோளருகே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சத்தத்துல நம்ம மாவோடது எது சிஸ்டர்?"

எனக்குத் தெரியவில்லை.