கரியமில வாயு இல்லாத குடுவை

"என் குடுவையைத் தொட உனக்கு யாரு…"

"கத்தாதே, முதல்ல நான் சொல்றதை…"

"…அனுமதி கொடுத்தது? நான் லீவுல போற நேரம் பார்த்து…"

"நேரம் பார்த்துத்தான்டி வந்தேன். நீ இருந்தா கிட்ட நெருங்க விடுவியா?"

அக்காவும் தங்கையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். தங்கை மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி செய்திருக்கிறாள். அதைத் தண்ணீரில் கலக்கி, கரியமில வாயுவைக் குமிழ் குமிழாக விட்டு, விளக்கைப் போட்டால் மீத்தேன் வருகிறது. அடுப்பில் எரிக்கலாம், வண்டி ஓட்டலாம். குடுவையில் வந்த வாயுவை ஊசியால் உறிஞ்சி, கருவியில் செலுத்தி, எவ்வளவு என்று சொல்வது அக்காவின் வேலை. நாளைக் காலை வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் தங்கைக்குத் தனி ஆய்வுக்கூடம். ஆனால் அளவீட்டின் கீழே அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்கிறாள்.

"சுத்தி வளைக்காதே. நேத்து என்ன பண்ணினே?"

"கரியமில வாயுவே விடலை. அதுக்குப் பதிலா ஆர்கான் விட்டேன். அது எதோடயும் சேராத சோம்பேறி வாயு. விளக்கைப் போட்டேன். மீத்தேன் வந்தது."

"துளியூண்டு வந்திருக்கும்."

"உனக்கு வழக்கமா வர்ற அதே அளவு."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "உன் ஊசியில பழசு ஒட்டியிருக்கும்."

"புது ஊசி."

"குழாய்ல கசிவு."

"சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரலை."

"அப்ப நீயே எதையாவது உள்ள விட்டிருப்ப. உனக்கு வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல்ல வர்ற வாயுவை என் கருவி காட்டாதுடி."

வேறு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இன்று தங்கை ஈரத்துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

"விளக்கில்லாம இருட்டுல வச்சு ஓட்டினேனே, ஒண்ணும் வரலையே! அது மறந்துபோச்சா? நீதானே அளந்தே?"

"மறக்கலை. வெளிச்சம் பட்டாத்தான் வருது, ஒத்துக்கறேன். கரியமில வாயு இல்லாம, மீத்தேனுக்கு வேண்டிய கார்பன் எதுலேருந்து வருது? அதைச் சொல்லு. பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க மேல கொழுப்பு அமிலம் பூசுறியே, அதுலயும் கார்பன் இருக்கு. வெளிச்சம் அதை உடைச்சே மீத்தேன் கொடுக்கலாம்."

"அதைத்தான் கழுவிட்டேனே."

"கழுவினா முழுசா போகாது. உலையில வச்சுச் சுட்டாத்தான் போகும்."

"சுட்டா பொடி கட்டிதட்டிப் போயிடும் அக்கா. அப்புறம் அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"அதனால சுடலை."

"அதனால சுடலை! திருடியை விசாரிக்கிற மாதிரி கேட்காதே."

கதவு திறந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் எட்டிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் 'சரி சரி' என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"என்னம்மா, நாளைக்கு எல்லாம் தயார்தானே? சரி சரி." பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

"இவர்கிட்ட பொடி செத்துப்போச்சுன்னு சொன்னாலும் சரி சரிம்பார்," என்றாள் தங்கை மெதுவாக.

அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொல்லு. நீ எப்பவாவது ஆர்கான் விட்டு ஓட்டிப் பார்த்தியா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"அந்த சிலிண்டரை நான் தொட்டதே இல்லங்கறேன்! என்னை நம்பலைன்னா இப்பவே ஓட்டுவோம். உன் கண் முன்னாடி. நீ எதையும் தொடாதே."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தங்கை குடுவையைக் கழுவினாள், பொடியை நிறுத்துப் போட்டாள், தண்ணீர் ஊற்றி மூடினாள். வேகமான கை அவளுக்கு. மூலையில் சங்கிலியால் கட்டியிருந்த ஆர்கான் சிலிண்டரிடம் போய், குடுவையைப் பார்த்தபடியே வால்வின் பிடியைச் சற்று மேலே தூக்கி, ஒரே திருகில் திறந்தாள்.

குமிழிகள் கிளம்பின. உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறும்வரை விட்டுவிட்டு, விளக்கைப் போட்டாள். இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்தார்கள். விளக்கின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

நேரமானதும் தங்கையே ஊசியை எடுத்தாள், தானே கருவியில் செலுத்தினாள். திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. மீத்தேன் வரவேண்டிய இடத்தில் விருட்டென்று மேலே ஏறியது.

"வந்துடுச்சு," என்றாள் தங்கை. அவள் குரலில் கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. "எனக்கு எப்படிக்கா தெரியும்? இன்னிக்குத்தானே பார்க்கிறேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடு. அப்புறம் உட்கார்ந்து சரி பண்ணிடலாம்."

அக்கா திரையைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அந்த வால்வோடு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தாள், துணி சுற்றித் திருகினாள், வாய்விட்டுத் திட்டினாள். தற்செயலாகப் பிடியைத் தூக்கியபோதுதான் அது அசைந்தது.

"தூக்கித் திருகினாத்தான் அது திறக்கும்னு உனக்கு யாரும்மா சொன்னது?"