தூசி படாமல் மூடிய துணி

"அம்பது தடவையும் துவைச்சியா, இல்ல அம்பதுன்னு எழுதிட்டியா?"

துணி ஆலையில் சலவைச் சோதனை வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியம்மா அவளிடம் கேட்ட கேள்வி இது. அன்றிலிருந்து ஒவ்வொரு சலவைக்கும் துணியோரத்தில் ஒரு சிவப்புத் தையல் போட்டுவிடுவாள். ஆலையில் எல்லோருக்கும் அவள் சோப்பக்கா.

இந்தத் தலையணை உறையில் ஐம்பது தையல் ஆகிவிட்டது. ஆலையில் துணிக்கு ரசாயனம் கலக்கும் மருந்துக்காரத் தம்பி மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த பூச்சு அதில் இருந்தது. கிருமி அண்டாது, கறை தானே போய்விடும், எத்தனை துவைத்தாலும் பூச்சு உதிராது என்பது அவன் பேச்சு. கிருமிச் சோதனையில் உறை தேறிவிட்டது. கறைதான் பாக்கி. முந்தாநாள் அதில் தேநீரை ஊற்றி, "மாடியில ரெண்டு நாள் விரிச்சு வைங்கக்கா" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

இன்று காலை பார்த்தால், கறை இம்மியும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மூணு வருஷமா என் தலையில மிளகாய் அரைச்சிருக்க," என்றாள் முதலாளியம்மா. "நாளையிலேருந்து வராதே."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. "எப்படிம்மா? ரெண்டு நாள் முழு வெளிச்சம் பட்டிருக்கே..."

பக்கத்தில் நின்ற சோப்பக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காவிட்டால் தன் வேலை நிலைக்கும். எட்டாவதோடு நின்றவளுக்கு இன்னொன்று லேசில் கிடைக்காது. ஆனால் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வெளிச்சம் படலம்மா. நான் மேல ஒரு போர்வையைப் போட்டு மூடிட்டேன்."

"மூடினீங்களா! எதுக்குக்கா?"

"தூசி பட்டு அழுக்காயிடுமேன்னுதான்."

"அழுக்கைத் தின்னுற துணிக்கா அது! வெளிச்சம் பட்டாத்தானே தின்னும்!"

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறி முறைத்தாள். "சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். கறை போச்சுன்னா ரெண்டு பேருக்கும் வேலை. போகலேன்னா சேர்ந்தே கிளம்புங்க."

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர, சோப்பக்கா உறையையும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். உச்சி மண்டை காய்ந்தது.

"காக்கா எச்சம் போட்டுடப் போகுதுக்கா."

"போடட்டுமே, அதையும் தின்னட்டும்."

மதியத்துக்கு மேல் கறை வெளிறியது. ஐந்து மணிக்கு அது எந்த இடத்தில் இருந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

முதலாளியம்மா மேலே வந்தாள். உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்; நகத்தால் சுரண்டினாள்; முகர்ந்தும் பார்த்தாள். அவள் அதை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நாளைக்கு ரெண்டு பேரும் நேரத்தோட வந்துடுங்க" என்றபடி படியிறங்கிப் போய்விட்டாள்.