இடப்பக்கத்து மதில்

"தம்பி, குறை நினையாதையும். அந்தக் கடைசிப் பந்துக்கு நீர் ஏன் பாயேல்லை?"

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகு புறப்பட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கேட்டவர் யாரென்று லியோனுக்குத் தெரியாது. மடியில் கோழித்தீன் மூட்டையை வைத்துக்கொண்டு எதிரே இருந்த ஒரு மனிதர். லியோன் கடலைப் பார்த்தான். கூட்டிவரப் போயிருந்த அவனுடைய அக்கா றஞ்சனிதான் பதில் சொன்னாள்.

"பாய்ஞ்சவன் அண்ணை. கை கொஞ்சம் எட்டேல்லை."

"நான் ரீவியிலை பாத்தனான் பிள்ளை. கை மட்டும்தான் போனது. ஆள் போகேல்லை."

"நீங்கள் எந்த ரீமுக்குக் கோலி நிண்டனீங்கள்?"

படகில் இரண்டொருவர் சிரித்தார்கள். மூட்டைக்காரர் சிரிக்கவில்லை.

"என்னோடை கோவிச்சு என்ன? சனம் கதைக்கிறதைச் சொல்லுறன். ஆட்டத்தைக் காசுக்கு வித்துப்போட்டான் எண்டெல்லோ கதை."

றஞ்சனி வாயைத் திறக்க, லியோன் அவள் கையைப் பிடித்தான். "விடுங்கோ அக்கா. துறை வரட்டும்."

நெடுந்தீவில் இருந்து நாட்டின் உதைபந்தாட்ட அணிக்குக் கோலியாக, கோல் காக்கப் போன முதல் ஆள் அவன்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் கொழும்பில் ஒரு கழகம் எடுத்தது. பிறகு மாலைதீவில் ஒரு கழகம் கூப்பிட்டது. போன வருடம் தேசிய அணியின் சட்டை கிடைத்தது. கிடைத்த அன்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். போன கிழமை நடந்த ஆட்டத்தில் சமநிலை வந்திருந்தாலே போதும், அணி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். முடிகிற நேரத்தில், வேகமே இல்லாத ஒரு பந்து அவனுடைய இடப்பக்கத்து மூலைக்கு உருண்டது. அவன் கையை நீட்டினான். விரல் நுனியில் பட்டுக்கொண்டு பந்து உள்ளே போனது. விடிவதற்குள் அந்தக் காட்சி எல்லாருடைய தொலைபேசியிலும் ஏறி, அதற்குக் கீழே எழுதக்கூடாததெல்லாம் எழுதப்பட்டுவிட்டது.

துறையில் வரவேற்புக்கு வாழைமரம் கட்டியிருந்தது. அவன் படம் போட்ட பதாகையை மட்டும் காணவில்லை. ஊர்க் கழகத்தின் செயலாளர் அன்ரன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். லியோனோடு ஒன்றாக விளையாடி வளர்ந்தவன்.

"பதாகை எங்கையடா?" றஞ்சனி கேட்டாள்.

"காத்துக்கு அவிண்டு போச்சு அக்கா."

"வாழைமரத்துக்குக் காத்து அடிக்கேல்லையோ?"

அன்ரன் பையை வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டினான். சொல்லவேண்டியதை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னான். குசினி வாசலில், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தலைக்கவசத்தைக் கையில் உருட்டியபடி.

"வரவேற்பு நடக்கும். தலைவர் நிப்பாட்டச் சொல்லேல்லை. ஆனா..."

"ஆனா?"

"லியோன் மைக்கிலை ஒரு மன்னிப்புக் கேக்க வேணுமாம். அதை வீடியோ எடுத்துப் போடுறதாம். பிரான்சிலை இருக்கிற எங்கடை ஊர்ப் பெடியளுக்குத் தலைகாட்ட ஏலாமல் கிடக்காம்."

"மன்னிப்போ? இவன் ஆரின்ரை கிடாயை அவிட்டுக்கொண்டு போனவன்?"

"நான் சொல்லேல்லை அக்கா. தலைவர் சொன்னவர்."

தலைவர் என்பது வேறு யாருமில்லை. இறந்துபோன அவர்களுடைய தகப்பனின் தமையன் சின்னக்குட்டியர். பெரியப்பா முறை. கழகத்தின் தலைவர் கதிரையில் அவர் எப்போது இருந்தார் என்று கேட்டால், எப்போது எழும்பினார் என்றுதான் ஊர் திருப்பிக் கேட்கும்.

தேத்தண்ணியோடு வந்த தாய் மரியமுத்து மெல்லச் சொன்னாள். "பெரியவர் சொன்னால் காரணம் இருக்கும். ஒரு சொல்லுத்தானே."

"அம்மா, தோத்ததுக்கு ஆரும் மன்னிப்புக் கேக்கிறதோ? இண்டைக்கு இவன் கேட்டால், வித்ததை அவனே ஒப்புக்கொண்டிட்டான் எண்டு நாளைக்குச் சொல்லுவினம். அந்த வீடியோ இவன் கிழவனானாலும் சுத்தும். எந்தக் கழகம் பிறகு இவனை எடுக்கும்?"

"சொல்லிப்போட்டு விடுறன் அக்கா," என்றான் லியோன். "பெரியப்பாவோடை ஆர் கொழுவிச் சண்டை பிடிக்கிறது?"

"உனக்கு வெக்கம் இல்லையோடா?"

"வெக்கம் இருக்கிறபடியால்தான். அந்தாள் படகிலை சொன்னது சரி. கைதான் போனது. ஆள் போகேல்லை."

அன்ரன் தலைக்கவசத்தை உருட்டுவதை நிறுத்தினான்.

"கோச்சும் அதைத்தான் கேட்டவர்," என்றான் லியோன். "வலப்பக்கம் மீன் மாதிரிப் பாயிறாய், இடப்பக்கம் ஏன் உடம்பை அனுப்பிறாயில்லை, விழுந்தால் என்ன கிடக்கு எண்டு நினைக்கிறாய் எண்டார். எனக்குப் பதில் வரேல்லை. பயிற்சியிலை பாயிறன். நெருக்கடி எண்டு வந்தால் உடம்பு தன்ரை பாட்டிலை நிண்டிடுது. திருத்திக்கொண்டு வா, இல்லாட்டி மற்றக் கோலிதான் எண்டு சொல்லித்தான் விட்டவர்."

"அப்ப நாளைக்கு வெள்ளன மைதானத்துக்கு வா," என்றாள் றஞ்சனி. "பந்தை நான் அடிக்கிறன்."

"இந்த வயசிலையோ?"

"உனக்கு முதல் பந்து அடிச்ச கால் இதுதான்."

அது உண்மை. மாட்டை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு போகிற வழியில், கோலுக்குள் நிற்கிற தம்பிக்குப் பந்தை உதைத்துவிட்டுப் போனவள் அவள்.

அந்த மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்கு ஒரு மூலை கிடையாது. வடக்குப் பக்கத்தில் சின்னக்குட்டியரின் வீட்டு வளவு மைதானத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கடலில் விளைகிற முருகைக்கல்லில் கட்டிய மதில். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லின் மேல் கல். ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் சரியும். மாரி முடிய அவர் ஆள் பிடித்துத் திரும்ப அடுக்குவிப்பார். மைதானத்துப் பக்கம் விழுந்த கல்லை எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கமாட்டார்கள். அது விழுந்த இடத்திலேயே புது அத்திவாரம் ஆகிவிடும். அப்படித்தான் அந்த மதில் நடக்கப் பழகியது. முதலில் கோர்னர் உதைக்கிற மூலையை விழுங்கியது. அந்தப் பக்கத்தால் பந்து போனால் கோர்னர் இல்லை என்று கழகம் ஒரு சட்டம் போட்டது. போட்டவர் தலைவர். புங்குடுதீவில் இருந்தும் ஊர்காவற்றுறையில் இருந்தும் விளையாட வருகிற பெடியள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நெடுந்தீவார் சிரிக்கமாட்டார்கள். பெரியவரின் மதிலைப் பற்றி யார் கதைப்பது?

காலையில் றஞ்சனி சட்டையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பந்தை வலப்பக்கம் அடித்தாள். லியோன் பறந்து பிடித்தான். இரண்டாவதை இடப்பக்கம் அடித்தாள். கை போனது. கால் நிலத்தில் நின்றது. பந்து உள்ளே.

"விழடா."

இன்னொன்று. அதுவும் அப்படியே.

"விழச் சொன்னால் விழன். என்ன, நிலம் சுடுதோ?"

"எங்கை அக்கா விழுறது?"

அவன் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்டபிறகு அவனே திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இடப்பக்கக் கம்பத்துக்குப் பக்கத்தில், கல்லுக்குக் கல் பல்லு நீட்டிக்கொண்டு, மதில். அவள் நடந்துபோய்க் கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நின்றாள். ஒரு தோள் கம்பத்தில் முட்டியது. மற்றத் தோளில் முருகைக்கல் குத்தியது.

லியோனின் இடது முழங்கையில் சின்ன வயதில் இருந்தே ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. அவன் அதைத் தடவிக்கொண்டு நின்றான்.

"பெரியப்பா மதிலிலை இருந்து மச் பாப்பாரே," என்றான். "ஞாபகம் இருக்கோ, என்ன சொல்லிக் கத்துவார் எண்டு?"

றஞ்சனிக்கு மறக்குமா? ஊரில் பந்து காத்த எல்லாப் பெடியளும் கேட்டு வளர்ந்த மந்திரம் அது. 'கை மட்டும் குடு மோனை, கை மட்டும். மதிலைச் சரிச்சுப்போடாதை.' மற்றப் பக்கத்துக் கோல் கம்பங்கள் உப்புக்காற்றில் கறள் பிடித்து எப்போதோ விழுந்துவிட்டன. ஆகவே பயிற்சி என்றால் இந்தக் கோல்தான். இந்தப் பக்கம்தான். இந்த மந்திரம்தான்.

"கோச் கேட்டதுக்கு இப்ப பதில் இருக்கடா," என்றாள். "விழுந்தால் என்ன கிடக்கு எண்டவர். சின்னக்குட்டியற்றை மதில் கிடக்கு எண்டு சொல்லு."

"அக்கா, பின்னேரம் நீங்கள் ஒண்டும் கதைக்கக்கூடாது."

"ஓம். நான் ஒண்டும் கதைக்கேல்லை. கேள்வி மட்டும் கேக்கிறன்."

பின்னேரம் மைதானத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். கோலுக்கு முன்னால்தான் மேடை. சின்னக்குட்டியர் வெள்ளை வேட்டியோடு மைக்கைப் பிடித்தார்.

"பேரன்பு மிக்க ஊர்ப் பெருமக்களே. எங்கள் மைதானம் பெற்றெடுத்த பிள்ளை ஒரு தவறு செய்துவிட்டான். பெற்றவர்கள் என்ற முறையில் நாங்கள் தலைகுனிந்து நிற்கிறோம். அவன் இப்போது உங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்பான். நாங்களும் பெருந்தன்மையோடு..."

"பெரியப்பா," என்று றஞ்சனி எழும்பினாள். "அதுக்கு முதல் ஒண்டு."

"பொம்பிளையள் பிறகு கதைக்கலாம் பிள்ளை."

"பிறகு நீங்கள் தேத்தண்ணி குடுப்பியள். சனம் போயிடும். நான் கனக்கக் கதைக்கேல்லை. உங்களுக்குப் பின்னாலை கோல் நிக்குது. ஒருக்கால் போய் இடப்பக்கம் பாய்ஞ்சு காட்டுங்கோ."

சனம் சிரித்தது. சின்னக்குட்டியரும் சிரித்தார். "எனக்கு என்ன வயசு பிள்ளை?"

"சரி, பாய வேண்டாம். கம்பத்துக்கு இடப்பக்கத்திலை நீட்டி நிமிர்ந்து படுங்கோ. அவ்வளவு காணும்."

சிரிப்பு அப்படியே நின்றது. கொட்டகைக்குள் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கோலின் பக்கம் திரும்பின. நாள்தோறும் பார்க்கிற மதில்தான். யாரோ புதிதாகக் கொண்டுவந்து வைத்ததுபோல எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"என்ன கதை இது," என்றார் சின்னக்குட்டியர். மேடைத் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது. "அது என்ரை அப்பு காலத்து மதில். ஒரு கல்லும் அசையேல்லை. பந்து பிடிக்கத் தெரியாதவன் பிழையைக் கொண்டுவந்து என்ரை மதிலிலை சாத்துறியோ?"

"அசைஞ்சது அத்தான்."

சொன்னது மரியமுத்து. அவள் எழும்பக்கூட இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்த இடத்தில் இருந்தே சொன்னாள்.

"நான் கலியாணம் முடிச்சு வரேக்கை மாட்டுவண்டிலிலை வந்தனான். அந்தக் கம்பத்துக்கும் உங்கடை மதிலுக்கும் நடுவாலைதான் வண்டில் வந்தது. நீங்கள்தான் மாட்டைப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை நடந்தனீங்கள்."

சின்னக்குட்டியரின் மூச்சு மட்டும் மைக்கில் கேட்டது. அன்ரன் போய் மைக்கை அவர் கையில் இருந்து எடுத்து லியோனிடம் கொடுத்தான்.

"நான் மன்னிப்புக் கேக்க வரேல்லை," என்றான் லியோன். "அந்தப் பந்து என்ரை கையாலைதான் போனது. அதுக்கு நான் கோச்சுக்குப் பதில் சொல்லுவன். வித்தவன் எண்டு நினைக்கிற ஆக்கள் ஆரும் இருந்தால் எழும்பி என்ரை முகத்துக்குச் சொல்லுங்கோ."

படகில் வந்த கோழித்தீன்காரரும் அங்கே இருந்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பியவர்கள் யாருமில்லை. லியோன் மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கோலின் இடப்பக்கம் போனான். மதிலின் மேல்கல்லைத் தூக்கினான். வளவுக்கு உள்பக்கமாக வைத்தான். அடுத்த கல்லைத் தூக்கினான்.

"எடேய், கையை எடடா," சின்னக்குட்டியர் கத்தினார். "அன்ரன், பாத்துக்கொண்டு நிக்கிறாயோ?"

"இல்லைப் பெரியவர்," என்று சொல்லிவிட்டு அன்ரன் போய்க் கல்லுக்குக் கை கொடுத்தான்.

ஊர் முழுக்கத் திரண்டு வரவில்லை. பலபேர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, யாருக்கும் பொல்லாப்பு இல்லாமல் ஒழுங்கையில் இறங்கிப் போனார்கள். அதைப் பார்க்கத்தான் றஞ்சனிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்காக வெடி கொளுத்தியவர்கள், தம்பியைத் தூற்றியவர்கள், ஒரு கல்லைத் தூக்க நேரம் இல்லாதவர்கள். அவளும் பழைய காலத்தில் இவனோடு விளையாடிய சில பெடியளும் கல்லைக் கைமாற்றினார்கள். சீமெந்து இல்லாத மதில். வந்த வழியாலேயே திரும்பிப் போனது.

வெயில் சாய, கம்பத்துக்குப் பக்கத்தில் நிலம் வெறுமையாகக் கிடந்தது. கல்லுக்குக் கீழே இருந்த மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. லியோன் கோலுக்குள் போய் நின்றான். அன்ரன் இடப்பக்கம் அடித்தான்.

கை மட்டும் போனது.

"மதில் இல்லையடா," என்றாள் றஞ்சனி.

"தெரியும் அக்கா. அன்ரன், திரும்ப அடி."

திரும்பவும் கை மட்டும். திரும்ப அடித்தான். அன்ரன் களைத்துப்போய் இடுப்பில் கையை ஊன்றியபோது றஞ்சனி பந்தை வாங்கினாள். காலையில் இருந்து உள்ளுக்குள் கிடந்த கோபத்தையெல்லாம் சேர்த்து உதைத்தாள். லியோன் பாய்ந்தான். முழு உடம்பும் போனது. பந்து நெஞ்சோடு இருக்க, அந்த ஈரமண்ணில் நீட்டி நிமிர்ந்து விழுந்து கிடந்தான். எழும்பவில்லை.

"நொந்திட்டுதோ?" மரியமுத்து ஓடிவந்தாள்.

"இல்லையம்மா," என்றான். முகம் மண்ணுக்குள் இருந்தது. "ஒண்டும் இல்லை. இஞ்சை ஒண்டுமே இல்லை."

வளவின் படலை வாசலில் சின்னக்குட்டியர் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"நாளைக்கு ஊர் விதானையாரைக் கூட்டிக்கொண்டு வாறன். எல்லையைக் காட்டுறன் உங்களுக்கு."

"கூட்டிக்கொண்டு வாங்கோ பெரியப்பா," என்றாள் றஞ்சனி. "அவரும் ஒருக்கால் படுத்துப் பாக்கட்டும். இப்ப இடம் இருக்கு."